உள்ளே வரக் காத்திருப்பவை

ஜூன் 8, 2024
உவர்மலையில் காலையிலிருந்து கச்சான் காற்று. அண்ணனின் பலசரக்குக் கடைக் கணக்கை மடிக்கணினியில் பதிந்துகொண்டிருந்தபோது, இந்தச் செயலியின் சில வசதிகளை ஃபயர்வால் தடுத்திருக்கிறது என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. ஃபயர்வால் என்பது கணினிக்கு வாசற்காவல் பார்க்கும் மென்பொருள். கீழே 'அனுமதி', 'ரத்து'. படிக்காமலே அனுமதியை அழுத்தினேன். மறுத்தால் இணையம் நின்றுவிடும் என்ற பயம். இரவு பத்து மணிக்கும் அது உறுத்துகிறது. வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. யாரை உள்ளே விட்டேன்?

ஜூன் 9
கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கும் மருமகன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். "அனுமதித்தவற்றின் பட்டியல் ஃபயர்வாலிலேயே இருக்கிறது மாமி, பாருங்கள்" என்று திறந்து காட்டினான். நான் அனுமதித்தது மகன் இறக்கிய விளையாட்டு. நல்லவேளை.

அவன் சொன்ன ஒன்று என் பயத்தின் வேரையே அறுத்தது. ஒரு செயலி வெளியே போகும்போது அந்தப் பெட்டி வருவதில்லை; வெளியிலிருந்து வருபவர்களுக்காக அது காத்திருக்கத் தொடங்கும்போதுதான் வருகிறது. வெளியே போவதை விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாகத் தடுப்பதில்லை. ஆகவே மறுத்தாலும் இணையத்தளங்கள் திறக்கும், மின்னஞ்சல் போகும். இத்தனை வருடம் இது தெரியாமல் எத்தனை தடவை தலையாட்டியிருக்கிறேன்!

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட, 2017 மே மாதத்து வான்னக்ரை என்ற தீநிரல் பற்றியும் சொன்னான். கோப்புகளைப் பகிரும் 445ஆம் போர்ட் (கணினியின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) வழியாக, யாரும் எதையும் அழுத்தாமலே, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியதாம். விளையாட்டுக்கு 'பொது வலையமைப்பு' என்ற கட்டத்திலும் டிக் இருந்தது. கடைகளின் இலவச வைஃபையில் முன்பின் தெரியாதவர்களும் இருப்பார்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டோம்.

ஜூன் 13
மறுபடியும் பெட்டி. இம்முறை பெயர், வெளியிட்டவர், கோப்பு இருக்கும் இடம் மூன்றையும் படித்தேன். பெயர் புரியவில்லை. ரத்து செய்தேன்.

மாலையில் ஸ்கேனர் கணினிக்கு எதையும் அனுப்பவில்லை. கருவியை அணைத்துப் போட்டேன், பெட்டி திரும்ப வரவில்லை. ரத்து என்பதையும் ஃபயர்வால் ஒரு விதியாக எழுதி வைத்துக்கொள்கிறது. பிறகு கேட்பதே இல்லை. பட்டியலில் ஸ்கேனரின் செயலியைத் தேடி வீட்டு வலையமைப்புக்கு மட்டும் டிக் போட்டதும் வேலை செய்தது. தெரியாததை மறுத்ததற்கு வருந்தவில்லை. மறுத்ததைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். தவறானவனை உள்ளே விட்டால் அப்படித் திருத்த முடியுமா?

ஜூன் 17
மடத்தடி அக்கா பதறிப்போய் அழைத்தார். திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், 'ஃபயர்வால் எச்சரிக்கை, உடனே அழையுங்கள்' என்று ஒரு தொலைபேசி எண். "எண்ணைத் தொடாதீர்கள் அக்கா, வருகிறேன்" என்று ஓடினேன். உண்மையான எச்சரிக்கை தொலைபேசி எண் தராது. அது வெறும் இணையப் பக்கம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வந்த பட்டியலில் உலாவியை மூடினேன். சத்தம் நின்றது. அக்காவின் கை அதன்பிறகும் நடுங்கியது.

தேத்தண்ணீர் குடித்தபின் அவருடைய அனுமதிப் பட்டியலையும் திறந்தோம். ஏழாவது பெயருக்கு வந்தபோது மின்சாரம் போய்விட்டது. மீதி நாளை மாலை.