“யார் செய்தது?” என்று கேட்கும் விடுதிகள்

இன்சுலின் 10 அலகு என்பதை எண்ணுக்குப் பின்னால் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்துப் போட்டு அவசரமாகக் கிறுக்கினால், அந்த எழுத்து பூச்சியமாகத் தெரிந்து 100 ஆகிவிடும். எந்த நாட்டு வைத்தியசாலைக்கும் பழக்கமான தவறு இது. நடுச்சாமத்தில் இதைக் கண்டுபிடிக்கும் இளம் தாதி உடனே சொல்வாரா, மறைப்பாரா என்பது அவருடைய குணத்தைவிட, விடுதிப் (வார்டு) பொறுப்பாளர் காலையில் கேட்கப்போகும் முதல் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. “யார் செய்தது?” என்றால் அடுத்த தவறு வெளியே வராது. “சீட்டில் எப்படி எழுதியிருந்தது, எந்த ஊசியால் எடுத்தது, அந்த நேரம் எத்தனை பேர் கடமையில்?” என்று கேட்டால், அலகு என்பதை முழுச்சொல்லாக எழுதும் வழக்கம் மறுநாளே வந்துவிடும்.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 2 மருத்துவமனைகளின் 8 விடுதிகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை இருந்த இடங்களில்தான் மருந்துத் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே மனம்விட்டுச் சொல்ல முடிந்தது. ஆகவே “எங்கள் விடுதியில் சம்பவ அறிக்கை (தவறு நடந்தால் எழுதிக் கொடுப்பது) ஒன்றும் இல்லை” என்ற பேச்சு எனக்குக் கவலையையே தருகிறது.

கட்டளைக் குரலே வேண்டாம் என்பதல்ல. இதயம் நின்றவருக்கு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தம், 2 நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற்றம். அங்கே ஒரு குரல்தான் வேண்டும். “யாராவது அட்ரினலின் எடுங்கோ” என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டவர் அளவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் குரலையே மறுநாள் கடமைப் பட்டியலுக்கும் கொண்டுபோவதுதான் பிழை.

பட்டியலை “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ” என்று விட்டுவிடும் தலைமை அதைவிட மோசம். சத்தமாகப் பேசுபவருக்கு லீவு, புதியவருக்கு இரவுக் கடமை என்று முடியும். திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஒரே விடுதியில் வேலை செய்கிறார்கள். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வெசாக்குக்கும் ஒருவருக்கொருவர் கடமை மாற்றிக்கொள்ள இதைவிட வசதி வேறெங்கே? இரண்டு கிழமைக்கு முன் வரைவை ஒட்டி, விருப்பத்தைக் கேட்டு, மூதூரிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் வருபவர்களின் பஸ் நேரத்தையும் பார்த்துப் போட்டால் போதும். கடைசி முடிவைப் பொறுப்பாளரே எடுக்கட்டும். லீவு கிடைக்காதவரிடம் காரணத்தை நேரில் சொல்லவும் வேண்டும்.