ஊதா மூடிக் குழாய்

குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. அண்ணனுக்கு முப்பது வருஷமாகப் பால் வெட்டுதான் வேலை. ஒருநாள் வெட்டும்போது கத்தி கையிலிருந்து நழுவியிருக்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒருவர், சர்க்கரை என்று இன்னொருவர், இப்படியே ஒரு வருஷம் ஓடி, அப்புறம் திருவனந்தபுரத்தில்தான் மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்திருக்கிறது, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய். நான் போனது ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுக்க.

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. ரத்தம் எடுத்து, ஊதா மூடிக் குழாயை மெதுவாக எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினேன். "எதுக்கு மக்ளே அப்படிச் செய்ய?" என்றார். உள்ளே மருந்து இருக்கிறது, கலந்தால்தான் உறையாது என்றேன். "பாலுக்கு அமோனியா ஊத்துவோம்லா, அது போலயா?" அதேதான்.

நாங்கள் முக்கியமாகத் தேடுவது நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம். நரம்பிழைக்குள் இருப்பது, இழை சிதையும்போது தண்டுவட நீரில் கசிந்து, அங்கிருந்து கொஞ்சமே கொஞ்சம் ரத்தத்துக்கும் வரும். பிகோகிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்கு போட்டால் வருவது. முன்பெல்லாம் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால்தான் ஒழுங்காக அளக்க முடியும். இவ்வளவு நுண்ணிய அளவையும் பிடிக்கிற சிமோவா போன்ற கருவிகள் வந்த பிறகு கை ரத்தமே போதும் என்றாகிவிட்டது, கட்டிலில் கிடப்பவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது வீடு வீடாகப் போகிறவர்களுக்குத் தெரியும். வயசானாலும் கிட்னி கெட்டாலும்கூட இந்த அளவு ஏறும், அதனால் இதை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சொல்லிவிட முடியாது. நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்குத்தான் நல்ல துப்பு.

முதல் தடவை நான் தப்பு செய்துவிட்டேன். மெல்லிய நரம்பு, சிரிஞ்சை வேகமாக இழுத்துவிட்டேன். குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றிப் பார்த்தால் மஞ்சளாக இருக்க வேண்டிய பிளாஸ்மா சிவந்து கிடந்தது. நாங்கள் பார்க்கிற இன்னொன்று மைக்ரோ ஆர்என்ஏ, மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி மூலக்கூறுகள். சிவப்பணு உடைந்தால் அதிலுள்ள மைக்ரோ ஆர்என்ஏ வெளியே கொட்டிவிடும், அப்புறம் அந்தக் குழாயில் மைக்ரோ ஆர்என்ஏ பார்ப்பதில் அர்த்தமே இல்லை. இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை. திரும்பப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, இன்னொரு தடவை கேட்டேன்.

"இதுல எனக்கு என்ன கிட்டும்?" என்றார்.

உங்களுக்கு ஒன்றும் கிட்டாது அண்ணே என்றுதான் சொன்னேன். டோஃபர்சென் கதையையும் சொன்னேன். இதே நோய் வந்தவர்களில் எஸ்ஓடி1 மரபணுக் கோளாறு உள்ள கொஞ்சம் பேருக்கான மருந்து அது. 28 வாரச் சோதனையில் உடல் இயக்க மதிப்பெண்ணில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் ரத்தத்தில் இந்தப் புரதம் நன்றாகக் குறைந்திருந்தது. அதை வைத்துத்தான் 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் அதற்கு விரைவு அனுமதி கொடுத்தார்கள். யாரோ முன்பு கொடுத்த ரத்தத்தால்தான் அந்த அளவை நம்ப முடிந்தது. அண்ணனுக்கு அந்த மரபணுக் கோளாறு இல்லை, அதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வந்து அவர் கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்தார். இந்தத் தடவை பொறுமையாக எடுத்தேன். குழாயைக் கவிழ்க்கத் தொடங்கியதும் அவரே வாய்விட்டு எட்டுவரை எண்ணினார்.