ஒரு உறிஞ்சுகுழலுக்கு எத்தனை பெயர்

2024 ஜூன் 3, திங்கள். மத்ரித், ஸ்பெயின்

வெயில் ஏறிவிட்டது. கடையில் ஓர்ச்சாத்தாதான் அதிகம் போகிறது. ஒருவகைக் கோரைக்கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், ஐஸ் போல ஜில்லென்று. மதியம் ஒரு கொலம்பிய அம்மா அதை வாங்கிக்கொண்டு "பித்தியோ இருக்கிறதா?" என்று கேட்டார். இருவரும் பேசுவது ஸ்பானிஷ்தான், ஆனால் இங்கே பித்தியோ என்றால் சிகரெட். "நாங்கள் விற்பதில்லை, புகைப்பதானால் வெளியே" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அப்புறம் கையைக் குழலாக்கி உறிஞ்சிக் காட்டினார். ஸ்ட்ரா! மன்னிப்புக் கேட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

ஜூன் 5, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் கூட இருப்பவர்களிடம் கேட்டேன். சிலி நாட்டுக்காரர் ஸ்ட்ராவைப் பொம்பியா என்கிறார். இங்கே அது மின்விளக்கு பல்பு! அவர் ஊரில் பல்புக்கு அம்போயேத்தா என்று வேறு சொல். அர்ஜென்டினாவிலும் பொம்பியா உண்டு; ஆனால் மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடிக்கிற, அடியில் சல்லடை வைத்த உலோகக் குழலுக்குத்தான் அந்தப் பெயர். சாதாரண ஸ்ட்ரா அங்கே சோர்பேத்தே. மத்ரித்தில் சோர்பேத்தே கேட்டால் பழச்சாற்றை உறையவைத்த ஐஸ் வரும்.

எனக்குப் பிடித்தது மெக்சிகோவின் போபோத்தே. அந்நாட்டுப் பழங்குடிகளின் நாவாட்டல் மொழியிலிருந்து வந்த சொல், காய்ந்த புல்தண்டு என்று பொருள். அந்தத் தண்டில் துடைப்பமும் கட்டுவார்களாம். ஸ்பெயினின் பஹீத்தாவும் அதே வழிதான்: பாஹா என்றால் வைக்கோல், பஹீத்தா சின்ன வைக்கோல். பெருவில் சொல்லும் கன்யீத்தா, சின்ன நாணல். பிளாஸ்டிக் வந்து போன பிறகும் பெயரில் புல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (இங்கே மட்டும் கான்யா என்று சொல்லிவிடக் கூடாது, சின்ன கிளாஸில் பீர் வந்துவிடும்.)

ஜூன் 8, சனி

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 3 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரா விற்பனைக்கு வரக் கூடாது. நாங்கள் வைத்திருப்பது காகிதம். "கேட்டால் மட்டும் தருவோம்" என்று ஒரு அறிவிப்பு எழுதச் சொன்னார் முதலாளி.

எந்தச் சொல்லைப் போடுவது? வருபவர்களில் பாதிப் பேர் லத்தீன் அமெரிக்கர்கள். நாலைந்து சொற்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன், பலகை அகராதி மாதிரி ஆகிவிட்டது. அழித்தேன். கடைசியில் பஹீத்தா மட்டும். இந்தத் தெருவில் இருப்பவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் தினமும் காதில் விழுகிற சொல் அது. பித்தியோ என்று போட்டால் ஊர்க்காரர்கள் சிகரெட் என்று நினைப்பார்கள்.

ஆனாலும் மெக்சிகோத் தோழி சொன்னது மனதில் நிற்கிறது: "பஹீத்தா எனக்குப் புரியும். ஆனால் யாராவது போபோத்தே என்றால் அம்மா வீட்டுச் சமையலறை ஞாபகம் வரும்." பலகையில் சொல்லுக்குப் பக்கத்தில் கிளாஸும் குழலும் வரைந்தேன். வாயால் பேசும்போது, எதிரே நிற்பவருடைய சொல்லையே சொல்வது என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 13, வியாழன்

அந்தக் கொலம்பிய அம்மா மறுபடி வந்தார். அவர் கேட்கும் முன்பே கிளாஸோடு நீட்டி, "உங்கள் பித்தியோ" என்றேன், மரியாதையாக உஸ்தெத் ("நீங்கள்") போட்டு. நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார். நன்றி சொன்னதற்கு அவர் ஊர் வழக்கப்படி "கோன் மூச்சோ குஸ்தோ" (மிக்க மகிழ்ச்சியோடு) என்று பதில் சொன்னேன்.

பாதி கிளாஸ் குடிப்பதற்குள் காகிதக் குழலின் நுனி ஊறி, நசுங்கி ஒட்டிக்கொண்டது. அவர் கவுன்ட்டருக்கு வந்து, பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னொரு பஹீத்தா கிடைக்குமா?" என்றார்.