குடத்துக்குள் யார் பெயர் போகும்?

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் உள்ளாட்சி பாடம் வந்தால் நம்மில் பாதிப்பேர் அதை ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்போம். 73-வது சட்டத்திருத்தம், 1994 ஊராட்சிகள் சட்டம், மூன்றடுக்கு, அடிக்கோடு போட்டுக்கோ, முடிந்தது. வரலாற்றில் சோழர் வந்தால் குடவோலை முறை, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி, அதற்கும் ஒரு அடிக்கோடு. இந்த இரண்டையும் தனித்தனியாக நடத்தினால் இரண்டுமே உயிரில்லாமல் போகும் என்பது என் கட்சி. சேர்த்து நடத்துங்கள். மூன்று பீரியட் ஒதுக்க முடிந்தால் குடவோலை விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர் (காஞ்சிபுரம் பக்கம்) கல்வெட்டு ஒன்றை வைத்தே இரண்டையும் தாண்டிவிடலாம்.

முதல் பீரியடுக்குத் தேவை ஒரு குடம், கொஞ்சம் துண்டுச் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஆளை எழுதுங்கள். வயது 40, சொந்த நிலம் கிடையாது, குத்தகைக்கு உழுகிறவர். வயது 34, நிலம், வீடு, வேதப் படிப்பு எல்லாம் உண்டு. வயது 50, நெசவாளர். வயது 38, பெண், வீட்டில் நிலமுண்டு. வயது 45, முன்பு வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழுவில்) இருந்தவர், கணக்குக் காட்டவில்லை. அப்புறம், மேற்படியாரின் மைத்துனர். இந்தக் கடைசிச் சீட்டை மறக்காதீர்கள், வகுப்பே அதில்தான் களைகட்டும். சீட்டைப் பிள்ளைகளே குலுக்கி எடுக்கட்டும், நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டாம். நிலம், சாதி என்று வரும் பாடத்தில் எந்தப் பிள்ளை கையிலும் அவன் வீட்டு நிலைமையே சீட்டாகப் போய்ச் சேர்ந்தால் அது விளையாட்டாக இருக்காது. குலுக்கலில் தற்செயலாக அப்படி வந்தாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாரும் எழுந்து நிற்க, கல்வெட்டின் விதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள், பொருந்தாதவர் உட்கார வேண்டும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், 919-லும் 921-லும் பொறித்தவை, இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் என்று சொல்கிற இடத்தின் சுவரில் இருக்கின்றன. வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் (வேலி என்றால் சுமார் ஆறரை ஏக்கர்). சொந்த மனையில் வீடு. வேதம் கற்றிருக்க வேண்டும். இந்த நாலைப் படிப்பதற்குள் வகுப்பில் பெரும்பகுதி உட்கார்ந்துவிடும், பெண் சீட்டு வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் உட்பட. கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர், உட்கார். முன்பு இருந்து கணக்குக் காட்டாதவர், உட்கார். அவருடைய அண்ணன் தம்பி, மாமன், மச்சான், மாமனார், மருமகன், பெரியம்மா சித்தி பிள்ளைகள், எல்லாரும் உட்கார். மைத்துனர் சீட்டுக்காரன் இங்கேதான் கத்துவான், "அவர் செஞ்சதுக்கு நான் என்ன டீச்சர் பண்ணுவேன்?" கத்தட்டும். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

மிச்சம் நிற்கிற இரண்டு மூன்று பேரின் பெயர் குடத்துக்குள் போகும். கல்வெட்டுப்படி 30 குடும்புகள், அதாவது வார்டு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓலை எழுதி, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அவன் எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஏன் விரலை விரிக்கணும் என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். சீட்டுக்கட்டு ஆடிப் பழகிய பையன் ஒருத்தன் உடனே சொல்லிவிடுவான். அங்கிருந்து இன்றைய வாக்குச்சாவடிக்குத் தாவுவது சுலபம்: வாக்குப்பதிவுக்கு முன்னால் கட்சி முகவர்கள் கண்ணெதிரே குறைந்தது 50 ஓட்டு மாதிரியாகப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் எந்திரத்தை உண்மையான ஓட்டுக்கு விடுகிறார்கள். அதே சந்தேகம், அதே ஏற்பாடு.

இரண்டாவது பீரியட் முழுக்க ஒரே கேள்வி: இது மக்களாட்சியா? உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர், அந்தச் சபை நிலமுள்ள பிராமணர்களின் சபை, மற்ற ஊர்களில் 'ஊர்' என்ற அமைப்பு வேறு இருந்தது. இதைச் சொல்லாமல் பெருமையை மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அதற்காகப் பெருமைப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. பதவிக்காலம் 360 நாள், ஏரிக்குத் தனி வாரியம், தோட்டத்துக்குத் தனி வாரியம், கணக்கு காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை என்று கல்லில் வெட்டி வைப்பது சின்ன விஷயமில்லை. இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். "குலுக்கல்னா யாருக்கும் காசு குடுக்க முடியாதுல்ல" என்று ஒருவன் ஆரம்பித்தால், குடத்துக்குள் பெயரே போகாதவர்களின் கதி என்ன என்று உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி கேட்பாள். கேட்கவில்லை என்றால் மட்டும் நீங்கள் கேளுங்கள்.

இப்போது புத்தகத்தைத் திறந்தால் சட்டப் பிரிவுகள் தாமாகப் பேசும். 18 வயது (1989 வரை அது 21), சொத்து, படிப்பு எதுவும் வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே கிராம சபையில் உறுப்பினர். 73-வது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் என்றது, தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக்கியது. சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ போட்டியிட்டவர் செலவுக் கணக்கைக் கொடுக்காவிட்டால் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். மச்சானைத் தொடாது. அந்தப் பையனின் கேள்விக்குப் பதிலை இங்கே அவனையே சொல்லச் சொல்லலாம்.

மூன்றாவது பீரியட் வகுப்பறையில் இல்லை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 போன்ற கிராம சபை கூடும் நாள்கள் நமக்குத் தெரியும், பெரும்பாலும் விடுமுறை. வீட்டுப் பெரியவர்களோடு போய் ஓரமாக நின்று மூன்று விஷயம் மட்டும் குறித்து வரச் சொல்லுங்கள்: எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் பேசினார்கள், வரவு செலவைப் படித்தார்களா. நகராட்சிப் பக்கம் இருக்கும் பள்ளி என்றால் கவுன்சிலரிடம் கேட்க ஐந்து கேள்வி எழுதி வரச் சொல்வேன், அது இவ்வளவு சுவைக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டமே நடக்காமல் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள் என்று ஒரு பிள்ளை எழுதி வந்தால் மழுப்பாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தாளில் யார் பெயரும் வேண்டாம், பிள்ளை ஊருக்குள் இருக்க வேண்டியவன்.

பத்தாம் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது, பொதுத்தேர்வு கழுத்தைப் பிடிக்கும். ஒன்பதில் செய்துவிடுங்கள். தேர்வுக்குக் 'குடவோலை முறை பற்றிக் குறிப்பு வரைக' என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: உத்திரமேரூர் விதிகளில் உங்கள் ஊராட்சிக்கு எதை வைத்துக்கொள்வீர்கள், எதைத் தூக்குவீர்கள், காரணம் என்ன? மதிப்பெண்ணில் முக்கால் பங்கு காரணத்துக்குப் போகட்டும். நிலம், வேதம் இரண்டையும் அநேகமாக எல்லாரும் தூக்கிவிடுவார்கள், கணக்கை எல்லாரும் வைத்துக்கொள்வார்கள். மைத்துனர் விதியில்தான் விடைத்தாள்கள் இரண்டாகப் பிரியும், இரண்டு பக்கத்துக்கும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.