ஒரே வளைவில் ஐந்து பேர்

2002ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கின் ஆடவர் 1000 மீட்டர் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் குறுந்தடத்தைச் சுற்றிச் சறுக்கி ஓடும் பந்தயம்) இறுதிப் போட்டியில் நடந்ததை, அந்த விளையாட்டைப் பற்றி வேறெதுவும் அறியாதவர்கள்கூடக் காணொளியாகப் பார்த்திருப்பார்கள். கடைசி வளைவில் முன்னால் போன நால்வரும் சரிந்து விழ, பல மீட்டர் பின்தங்கி வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரி விழாமல் எல்லைக்கோட்டைக் கடந்து தங்கம் வென்றார். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை வேளைகளில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு என் அக்கா மகள் இன்லைன் ஸ்கேட்டிங் (ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய காலணியில் ஓடுவது) பழகுகிறாள். அவளுக்குத் துணையாக நிற்கும் எங்கள் பெற்றோர் வட்டத்திலும் அந்தக் காணொளி வந்து சேர்ந்தது. "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் சார் இது" என்று ஒருவர் சிரித்தார். அந்த முப்பது நொடிகளை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

ஆனால் ஷார்ட் டிராக்கில் ஓடுவது கடிகாரத்தோடு அல்ல, பக்கத்தில் இருப்பவரோடு. 111.12 மீட்டர் சுற்றளவே உள்ள தடத்தில், தனித்தனிப் பாதை எதுவும் இல்லாமல், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் இடப்பக்கமாகச் சுற்றி வருகிறார்கள். 1000 மீட்டருக்கு ஒன்பது சுற்று. வளைவுகள் இறுக்கமானவை என்பதால், காலணியின் நடுவில் இருக்க வேண்டிய பிளேடை இடப்பக்கம் தள்ளிப் பொருத்தி, அதையும் வளைவின் போக்கிலேயே இலேசாக வளைத்திருப்பார்கள். உடல் பனிக்கட்டியைத் தொடும் அளவுக்குச் சாயும்போது இடக்கைதான் தாங்கும். அந்தக் கையுறையின் விரல் நுனிகளில் வழுக்கிச் செல்வதற்கென்றே கெட்டியான பூச்சு உண்டு. இத்தனை நெருக்கத்தில் ஒருவரை முந்த முயல்வதும் விழுவதும் விளையாட்டின் பகுதிகள். தடுத்தவரை நடுவர்கள் தகுதி நீக்கம் செய்வதும் அப்படித்தான். எனவே பின்னால் இருப்பது சில நேரங்களில் ஒரு திட்டமாகவே இருக்க முடியும்.

பிராட்பரி அதைத் தெரிந்தே செய்தார். அப்போது அவருக்கு வயது 28. ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பல ஓட்டங்களை ஓடி, இளையவர்களோடு வேகத்தில் போட்டியிடத் தம்மால் இயலாது என்பதை அறிந்திருந்தார். காலிறுதியில் அவர் மூன்றாவதாகத்தான் வந்தார். கனடாவின் மார்க் கான்யோன் தகுதி நீக்கம் செய்யப்பட்டதால் அடுத்த சுற்றுக்குப் போனார். அரையிறுதியிலும் முன்னால் இருந்தவர்கள் விழுந்தார்கள். மூன்று முறை தொடர்ந்து பனம்பழம் விழுந்தது என்றால், காக்கை மரத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொல்வேன்.

அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகள்தான் காணொளியில் இல்லாதவை. 1991இல் சிட்னியில் நடந்த உலகப் போட்டியில் தொடரோட்டத் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய அணியிலும், 1994 லில்லேஹாமரில் அந்த நாட்டின் முதல் குளிர்கால ஒலிம்பிக் பதக்கமான வெண்கலத்தை வென்ற அணியிலும் அவர் இருந்தார். அதே 1994இல் மான்ட்ரியாலில் நடந்த ஓட்டத்தில் மற்றொருவரின் பிளேடு அவருடைய தொடையைக் கிழித்தது. உடலிலிருந்து நான்கு லிட்டர் இரத்தம் போனது. 111 தையல்கள் போட்டார்கள். கால் பழைய வலுவை அடைய ஒன்றரை ஆண்டு பிடித்தது. 2000இல் பயிற்சியின்போது கழுத்தெலும்பு முறிந்து, இனிமேல் ஸ்கேட்டிங் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் திரும்பி வந்தார். அந்தத் தங்கத்தை ஒன்றரை நிமிட ஓட்டத்துக்காக அல்ல, பத்தாண்டு உழைப்புக்காகவே ஏற்றுக்கொள்வதாக அவர் சொன்னபோது அதில் பொய்யடக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தென் அரைக்கோளத்துக்குக் கிடைத்த முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம் அதுதான்.

விழுந்த நால்வரைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதே என் குறை. முன்னணியில் இருந்த அமெரிக்கர் அபோலோ ஓனோ, தொடையில் வெட்டுப்பட்ட நிலையிலும் எழுந்து கோட்டைத் தாண்டி வெள்ளி பெற்றார். வேடிக்கை என்னவென்றால், பிராட்பரி நடத்திய சிறு நிறுவனம் தயாரித்த காலணியையே ஓனோ அணிந்திருந்தார். 2010 வரை மூன்று ஒலிம்பிக்குகளில் எட்டுப் பதக்கங்களைச் சேர்த்தார். மூன்றாவதாக வந்த கனடாவின் மாத்யூ டுர்கோட் அதே ஒலிம்பிக்கில் தொடரோட்டத் தங்கம் வென்றார். பதினாறே வயதான கொரியச் சிறுவன் ஆன் ஹியூன்-சூ 2006 துரினில் மூன்று தங்கம் வென்றார். முழங்காலில் காயம் பட்டு 2010 அணியில் இடம்பெறாமல் போய், ரஷ்யக் குடியுரிமை பெற்று, விக்டர் ஆன் என்ற பெயரில் 2014 சோச்சியில் மேலும் மூன்று தங்கம் வென்றார்.

எஞ்சியவர் சீனாவின் லி ஜியாஜுன். கடைசி வளைவில் ஓனோவை முந்தப் போய் முதலில் விழுந்தவர் அவர்தான். 1998 முதல் மூன்று ஒலிம்பிக்குகளில் இரண்டு வெள்ளி, மூன்று வெண்கலம் என ஐந்து பதக்கங்கள் பெற்றும் தங்கம் மட்டும் அவருக்கு வாய்க்கவே இல்லை. கடைசியாக 2006இல் 1500 மீட்டரில் வெண்கலம் பெற்றபோது, அதே ஓட்டத்தில் தங்கம் வென்றவர் ஆன் ஹியூன்-சூ.