பூச்சில்லாத கோயிலில் துரு

பாரிஸுக்குக் கிழக்கே லெ ரான்சியில் இருக்கும் நோத்ர் தாம் தேவாலயத்தை பெரே சகோதரர்கள் 1922–23இல் கட்டினார்கள். கையில் பணம் குறைவு. பூச்சு கிடையாது, கான்கிரீட் வெறும் மேனியாகவே நிற்கிறது. சுமார் 11 மீட்டர் உயரத் தூண்கள் அடியில் 43 செ.மீ., உச்சியில் 35. சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி பதித்த கான்கிரீட் ஜாலி. இந்த மெலிவுக்காகத்தான் பார்க்க வருகிறார்கள்; துருவும் இதன் வழியாகத்தான் வருகிறது.

உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு அதை மெல்லத் தின்கிறது. முதல் 25 ஆண்டில் 10 மி.மீ. உள்ளே போயிருந்தால், 100 ஆண்டில் ஏறக்குறைய 20 மி.மீ. இவ்வகை ஜாலிச் சட்டத்தில் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன், 10 மி.மீ. கிடைப்பதே அபூர்வம்.

பழுதைத் தேட முதலில் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். கணீரென்றால் விடலாம், பொத்தென்றால் சாக்கட்டியால் வட்டமிட வேண்டும். பிறகு கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டர். அப்புறம் காரத்தைக் காட்டும் பினாப்தலீன் கரைசல்: புதிதாக உடைத்த முகத்தில் தூசியை ஊதிவிட்டுத் தெளித்தால், காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். தண்ணீர் விட்டு அறுத்த முகத்தில் தெளித்தால் உள்ளிருந்து வழிந்த காரச் சேறு பொய்ச் சிவப்புக் காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டிவிட்டது என்பதற்காக உடனே உளி எடுக்கக் கூடாது. உள் மண்டபத்துத் தூணில் காரம் போயிருக்கும். ஆனால் ஈரமில்லை, அதனால் துருவும் இல்லை. அதைத் தொடாமல் விட்டு, மேலே ஒழுகும் கூரையையும் அடைத்த மழைநீர்க் குழாயையும் சரிசெய்தால் போதும். கம்பியின் மின்னழுத்தம் −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துரு பிடிக்கிறது என்ற அளவுகோலும் அப்படித்தான். ஈரத்துக்கு ஈரம் அது மாறும், அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது.

உடைக்கத்தான் வேண்டுமென்றால் அரைகுறை கூடாது. ஓரத்தை 5–10 மி.மீ. ஆழத்துக்கு நேராக அறுத்து, கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. வரை குடைந்து, துரு முடிந்த இடத்திலிருந்து இன்னும் 50 மி.மீ. நல்ல கம்பி தெரியும்வரை போக வேண்டும். வயர் பிரஷ் போதாது. மணல் பீய்ச்சினால்தான் குழிக்குள் இருக்கும் துரு போகும். பழைய கான்கிரீட்டை முந்தின நாள் இரவே நனைத்துவிட வேண்டும். கலவை போடும்போது ஈரம் உள்ளே இருக்கலாம், மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. பிறகு ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் கியூரிங்.

வலு கூடின கலவை நல்லது என்று நினைப்பது பழைய தவறு. 1920களின் பலவீனமான கான்கிரீட்டில் அது சுருங்கும்போது ஓரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும்.

ஒட்டுக் கலவைக்கு நிறம் பார்ப்பது சுவரைக் கழுவிய பிறகுதான். மாதிரித் துண்டுகளைச் சில மாதம் வெயிலிலும் மழையிலும் போட்டு, நனைந்தும் காய்ந்தும் ஒப்பிட வேண்டும். நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மணல், சாயப்பொடி அடுத்ததுதான். சென்டரிங் பலகையின் நரம்புத் தடமும் பழையதோடு ஒரே கோட்டில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு தூரத்திலிருந்தே கண்ணை உறுத்தும்.

ஜாலியில் ஒட்டுப்போடக் கூட இடம் இருப்பதில்லை. கெட்டதைக் கழற்றி, கண்ணாடிக்கு எண் போட்டு வைத்து, அதே அச்சில் எவர்சில்வர் கம்பி வைத்து வார்ப்பதே வழி. திரும்பப் பொருத்தும்போது கண்ணாடி ஓரத்தில் மென்மையான கலவைதான் வேண்டும். கெட்டியாக அடைத்தால் அடுத்த கோடையிலேயே கண்ணாடி விரிசல் விடும்.