தாராவியில் ஒரு காசநோய் ஆய்வு: கேள்வி பிறந்தது முதல் விடை திரும்பியது வரை

மும்பையில் சமூக மருத்துவம் பயிலும் முதுநிலை மாணவர்களும், ஆய்வுத் துறைக்கு அண்மையில் வந்தவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: அதிகாரமோ பெரிய நிதியோ இல்லாத நாங்கள் செய்யும் சிறிய ஆய்வால் மக்களுக்கு என்ன பயன் விளையும்? தாராவியில் காசநோயாளிகளின் குடும்பத்தாரிடையே நான் செய்த ஆய்வு எப்படித் தொடங்கி, எந்தெந்த வாசல்களைக் கடந்து, யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதை அவர்களுக்காகவே எழுதுகிறேன். இந்த விடையை யார் எடுத்துப் பயன்படுத்தப் போகிறார் என்பதைக் கேள்வியை வகுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முடிவுகள் வந்த பிறகு பயனைத் தேடினால் காலம் கடந்துவிடும்.

ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால், அதே வீட்டில் வாழ்பவர்களுக்கும் கிருமி தொற்றியிருக்கும் வாய்ப்பு மிகுதி. 2021-இல் வெளியான தேசிய வழிகாட்டுதல்கள், அதுவரை பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அளிக்கப்பட்டுவந்த தடுப்பு சிகிச்சையை, வீட்டிலுள்ள எல்லா வயதினருக்கும் விரிவாக்கின. நோய் இப்போது இல்லை என்று உறுதிசெய்த பின், ஐசோனியசிட் மாத்திரையை 6 மாதம் நாள்தோறும் உட்கொள்வது ஒரு முறை. ஐசோனியசிட்டுடன் ரிஃபாபென்டினைச் சேர்த்து வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் உட்கொள்வது மற்றொரு முறை. விதியாக எழுதிவிடுவது எளிது. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் வேலைக்குப் போய்வரும் ஒருவரிடம் இதை எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது அப்படி அன்று.

தொற்றுக்கு ஆளானவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் ஆய்வாக இது இருக்கட்டும் என்பதே துறையில் முதலில் எழுந்த யோசனை. அதை எழுதத் தொடங்குமுன், மாநகராட்சியின் ஆரோக்கிய சேவிகையான, அதாவது வீடுவீடாகச் செல்லும் சுகாதாரக் களப்பணியாளரான, ஓர் அக்காவுடன் சந்துகளில் நடந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த பகுதி அது. தமிழ் தெரிந்ததால் எனக்கு வாசல்கள் எளிதில் திறந்தன. அந்த அக்கா நடந்தபடியே சொன்னார்: "டாக்டர், எத்தனை பேர் மாத்திரை வேண்டாம்னு சொன்னாங்கங்கிற கணக்கு எங்க நோட்டுலயே இருக்கு. ஏன் வேண்டாங்கறாங்கன்னு எழுதத்தான் அதுல இடமில்ல." என் ஆய்வின் கேள்வி அன்று அவரிடமிருந்துதான் கிடைத்தது. பல ஆண்டுகளாக ஒரே தெருவில் வேலை செய்யும் களப்பணியாளருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அறிந்துகொண்ட பிறகு முன்மொழிவை எழுதுங்கள் என்று இளையவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து, அப்பகுதிக்குப் பொறுப்பான மருத்துவ அலுவலரைச் சந்தித்து, இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் உங்களால் எதை மாற்ற முடியும் என்று நேரடியாகக் கேட்டேன். எந்த மருந்து, எவ்வளவு இருப்பு என்பவை அவர் கையில் இல்லை. மாத்திரை வழங்கும் நேரம், வழங்கும் இடம், முதன்முதலில் குடும்பத்தாரிடம் பேசுபவர் யார், என்ன பேச வேண்டும் என்பவை அவர் கையில் இருந்தன. ஆய்வின் எல்லையை அந்த நான்குக்குள் நிறுத்திக்கொண்டேன். தேசியக் கொள்கையையே மாற்றும் ஆய்வைச் செய்ய வேண்டும் என்ற ஆசை இளம் வயதில் எல்லோருக்கும் உண்டு, அது தவறும் அன்று. ஆனால் ஒரு மருத்துவ அலுவலர் தாமே கையெழுத்திட்டு அடுத்த வாரம் மாற்றக்கூடிய ஒன்றைப் பற்றிய நம்பகமான சான்று, தொடக்க நிலை ஆய்வாளர் தரக்கூடிய மிகப் பெரிய கொடை என்று நான் கருதுகிறேன்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு மரபு இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சையையும் வீட்டிலேயே தரும் சிகிச்சையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன என்று 1959-இல் அறிவித்தது. நெரிசலான வீடுகளில், போதிய உணவின்றி வாழ்ந்த ஏழைகளே அதில் பங்கேற்றவர்கள். நோயாளி வீட்டிலேயே இருந்தால் உடன் வாழ்வோருக்கு நோய் கூடுதலாகப் பரவுமா என்ற அச்சத்தையும் அவர்கள் தனியே ஆராய்ந்து, சிகிச்சை தொடங்கிவிட்டால் அப்படிப் பரவுவதில்லை என்று காட்டினார்கள். பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. படுக்கைகள் போதாத ஓர் ஊரில் சுகாதாரத் துறை நாள்தோறும் எதிர்கொண்ட கேள்வியிலிருந்து பிறந்த ஆய்வு அது.

பங்கேற்பவர்களின் நலன் கருதி முன்மொழிவைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் இதைக் கடந்து தொலைக்க வேண்டிய தடையாகவே பார்க்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்களின்படி, 7 முதல் 15 பேர் கொண்ட இக்குழுவின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். மருத்துவர்களுடன் சட்டம் அறிந்த ஒருவரும், சமூக அறிவியலாளர் ஒருவரும், துறை சாராத பொதுமக்களில் ஒருவரும் இடம்பெற வேண்டும். என் முன்மொழிவை மிகவும் மேம்படுத்தியவர் அந்தப் பொதுமக்கள் பிரதிநிதிதான். பத்துக்குப் பத்து அறையில் ஒருவரிடம் டிபி பற்றிப் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காதா, கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் அது என்ன விளைவை உண்டாக்கும் என்று அவர் கேட்டார். பேட்டியின்போது யாராவது இருமிக்கொண்டிருந்தால் குறித்துக்கொண்டு வந்துவிடுவீர்களா, பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்றும் கேட்டார். ஆய்வு முடிந்ததும் இவர்களிடம் யார் போய் என்ன சொல்வார்கள் என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

இவற்றுக்கு விடையாக, பங்கேற்பவர் விரும்பும் இடத்தில் பேட்டி எடுப்பது, அறிகுறி உள்ளவரை அன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை பின்தொடர்வது, முடிவுகளை மக்கள் முன் வைப்பதற்கெனச் செலவுப் பட்டியலில் ஒரு தொகையை ஒதுக்குவது ஆகிய மூன்றும் முன்மொழிவில் சேர்ந்தன. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கூடம் வாடகைக்கும், தேநீருக்கும், அன்றைய கூலியை விட்டுவிட்டு வருபவர்களுக்கான ஈட்டுத்தொகைக்கும் முதலிலேயே பணம் எழுதிவைக்காவிட்டால், மக்களிடம் திரும்பிச் செல்லும் கட்டம் நல்ல எண்ணமாகவே நின்றுவிடும். காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் மாநிலக் குழுக்கள் முதுநிலை ஆய்வேடுகளுக்குச் சிறு நிதி வழங்குகின்றன என்பதையும், அதற்கு விண்ணப்பிப்பதால் திட்ட அலுவலர்கள் ஆய்வைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்கிறார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் தயாரித்து, மகளிர் குழு ஒன்றில் உரக்கப் படித்துக் காட்டினோம். பங்கேற்க மறுத்தாலும் சிகிச்சை நிற்காது என்ற வரியை முதல் வரியாக வையுங்கள் என்று அவர்கள் சொன்னதால் அப்படியே மாற்றினோம். 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் பெற்றோரின் ஒப்புதலோடு அவர்களுடைய எழுத்துவழி இசைவையும் பெற்றோம். அதைச் சடங்காகக் கருதாமல் உட்கார்ந்து விளக்கியபோது, பிள்ளைகளே வீட்டுப் பெரியவர்களுக்கு மாத்திரையைப் பற்றி எடுத்துச் சொன்னதை நான் பார்த்தேன்.

களத்தில் கேட்டவை பாடநூலில் இல்லாதவை. இட்லி அவித்து விற்கும் வீடுகளில் பெண்கள் விடியலுக்கு வெகு முன்பே எழுந்து, காலை வியாபாரம் முடிந்து, சுகாதார நிலையம் திறந்திருக்கும் நண்பகலில் உறங்குகிறார்கள். சேவிகை பையுடன் ஒரு வாசலில் நின்றாலே அந்த வீட்டில் நோய் இருப்பதாகச் சந்து முழுவதும் அறிந்துவிடுகிறது என்று பலர் வருந்தினார்கள். வாரமொருமுறை மாத்திரை எடுத்தவர்களில் சிலர், சிறுநீர் செந்நிறமாகப் போனதைக் கண்டு பயந்து நிறுத்தியிருந்தார்கள். ரிஃபாபென்டின் அப்படித்தான் செய்யும், அதனால் தீங்கில்லை என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தப் பயமே எழுந்திருக்காது. அதே மருந்து கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும் என்பதையும் பெண்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் மாமியார் முன்னிலையில் அதைக் கேட்கவோ சொல்லவோ யாராலும் முடிவதில்லை. மாத்திரையின் மேல் நம்பிக்கையின்மை என்று அதுவரை பதிவேடுகளில் ஒரே சொல்லாக எழுதப்பட்டிருந்ததற்குள் இத்தனை காரணங்கள் அடங்கியிருந்தன.

தரவுகளைத் தொகுத்ததும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே, முடிவுகளை மக்களிடம் கொண்டுசென்றோம். பெயர், சந்து, தொழில் எதுவும் யாரையும் அடையாளம் காட்டாதபடி பேசினோம். இளைஞர்கள் மாத்திரையைப் பாதியில் விடுவதைப் பற்றி நாங்கள் சொன்னபோது, கூட்டத்திலிருந்த தையல் தொழிலாளர் ஒருவர் எழுந்து, பட்டறையிலேயே தங்கி வேலை செய்பவனின் பெட்டியில் டிபி மாத்திரை இருப்பதை முதலாளி பார்த்தால் வேலையும் தங்குமிடமும் சேர்ந்தே போய்விடும் என்றார். எங்கள் பேட்டிகளில் மங்கலாகத் தெரிந்தது அப்போது தெளிவானது. அவர் கூற்றை ஒட்டித் தரவுகளை மீண்டும் படித்து, அந்தப் பகுதியை விரித்து எழுதினேன்.

அதே கூட்டத்தில் ஓர் ஆச்சி, மாத்திரை கொடுக்கிறீர்கள், சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு, காசநோயாளியின் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்ததால் அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, காசநோயாளியின் ஊட்டச்சத்துக்கு அரசு பணம் தரும் நிக்ஷய் போஷண் திட்டத்தின் கீழ் நோயாளிக்கு வழங்கப்பட்ட மாதம் 500 ரூபாய், நவம்பர் 2024 முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. உயர்வுக்கு அந்த ஒரு ஆய்வே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் இப்படிப்பட்ட சான்றுகள் கையில் இருந்ததால்தான் அந்த ஆச்சிக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தது. வங்கிக் கணக்கில் பணம் வராத குடும்பங்களின் விவரத்தை அன்றே சேவிகைகள் குறித்துக்கொண்டார்கள்.

மாநகராட்சிக்கு நான் கொடுத்தது ஆய்வேட்டை அன்று, மராத்தியில் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பை. முதல் பக்கத்தில் கண்டறிந்தவை. இரண்டாம் பக்கத்தில் கூடுதல் பணமோ ஆளோ இல்லாமல் செய்யக்கூடியவை. அதன் விளைவாக, ஒரு சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரு நாள் மாலையில் மாத்திரை வழங்கத் தொடங்கினார்கள். விரும்பும் குடும்பங்கள் வீட்டு வாசலுக்குப் பதிலாக அங்கேயே வந்து பெற்றுக்கொள்கின்றன. பெண்களிடம் தனியே பேசுவதற்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது. சிறுநீரின் நிறமாற்றத்தையும் கருத்தடை மாத்திரை பற்றியதையும் முதல் சந்திப்பிலேயே சொல்வதற்கான சிறு குறிப்பட்டையைச் சேவிகைகளே தங்கள் சொற்களில் எழுதினார்கள். சிகிச்சையை முடிப்பவர்களின் கணக்கையும் அவர்களே பதிவு செய்துவருகிறார்கள்.

ஆய்விதழில் கட்டுரை வெளியாவதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், இதழில் வருவதற்கு முந்தைய வடிவமான முன்பதிப்பாக யாரும் படிக்கும்படி வெளியிட்டோம். ஆய்வைப் பற்றி நடந்த கூட்டங்களில் சேவிகைகளே மேடையேறிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், அவர்கள் பேசினார்கள். கேள்வியை எனக்குத் தந்த அக்கா இணையாசிரியராகக் கட்டுரையில் இடம்பெற்றார். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கை பார்க்கப்படும் சூழலில், இவ்வளவு நேரத்தைக் களத்தில் செலவிடலாமா என்று இளையவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. அவர்கள் தம் வழிகாட்டியிடம் முதல் சந்திப்பிலேயே பேசி, மக்களிடம் திரும்பிச் செல்வதற்கான வாரங்களைக் கால அட்டவணையில் எழுத்தாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தையல் பட்டறைகளில் தங்கி வேலை செய்பவர்கள் வேலை போகும் அச்சமின்றித் தடுப்பு சிகிச்சையை முடிப்பது எப்படி என்பதே என் அடுத்த ஆய்வின் கேள்வி. அதற்கான முன்மொழிவை எழுதத் தொடங்குமுன், பட்டறை உரிமையாளர்கள் சிலரையும் தொழிலாளர்களையும் தனித்தனியே சந்தித்து வருகிறேன். உரிமையாளர்களிடம் முதலில் யார் பேசுவது பொருத்தம் என்பதைத் தொழிலாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.